சாட்ஸ்வொர்த்தில் பத்துப் பேருக்கு ஒரு வீடா, அறுபது படுக்கைக்கு ஓர் இல்லமா?

வேப்பமரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அறக்கட்டளைக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மனை கிடைத்திருக்கிறது. பிள்ளையில்லாத ஒரு தம்பதி எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து. வயதானவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது மட்டுமே உயிலில் உள்ள நிபந்தனை. சரிவான மனை. மேலே ஒரு தெரு, கீழே ஒரு தெரு. ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு அதிகத் தூரமில்லை.

கமிட்டியில் பலரும் மூன்று மாடி, அறுபது படுக்கை, நீளமான நடை, கீழே ஒரு பெரிய சமையல்கூடம் என்று பேசுகிறார்கள். பத்துப் பேர் வாழும் வீடு ஒன்றைக் கட்டலாம் என்பது என் யோசனை. தனியாக நடமாட முடிகிறவர்களுக்கான இடம் அல்ல. ஃப்ரெயில் கேர், அதாவது மிகத் தளர்ந்தவர்களுக்கான முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுகிறவர்கள், ஞாபகம் தவறியவர்கள், படுக்கையோடு இருப்பவர்கள் ஆகியோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் வீடு.

இப்போது ஏன் என்று கேட்டால், நம் ஊரின் வயதைப் பாருங்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும், க்ளேர்வுட்டிலிருந்தும், மேகசின் பாரக்ஸிலிருந்தும் 1960களில் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டபோது இளம் தம்பதிகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரே மாதிரியான சின்னக் கவுன்சில் வீடுகளில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலும் பெர்த்திலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். இங்கேயே இருக்கிற மகளும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். மாடிப்படி ஏற முடியாத ஆயா கூடத்தில் சோபாவில் படுத்திருக்கிறார். இந்த நிலை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் கிரீன் ஹவுஸ் என்ற பெயரில் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. பில் தாமஸ் என்ற மருத்துவர் தொடங்கியது. முதல் வீடுகள் 2003இல் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோவில் திறந்தன. ஒரு வீட்டில் பத்து முதல் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு அறை, அதற்குள்ளேயே குளியலறை. எல்லா அறைக் கதவுகளும் ஒரே கூடத்தைப் பார்த்துத் திறக்கும். கூடத்தை ஒட்டித் திறந்த சமையலறை, எல்லாரும் சேர்ந்து உட்காரும் ஒரே மேசை. நர்ஸ்கள் உட்காரும் கவுண்டர் கிடையாது, மருந்து வண்டி கிடையாது. மருந்து அவரவர் அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கும். சமைப்பதும் துணி துவைப்பதும் குளிப்பாட்டுவதும் ஒரே கேர்கிவர்தான். அதற்கென்று வழக்கமான பயிற்சிக்கு மேல் 120 மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி தருகிறார்கள்.

நகரத்தில் இது முடியாது என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். மாசசூசெட்ஸில் செல்சீ என்ற நெருக்கடியான ஊரில் 2010இல் திறந்த லெனர்ட் ஃப்ளோரன்ஸ் சென்டர் இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் பத்து வீடுகள், வீட்டுக்குப் பத்துப் பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிச் சமையலறை. உடம்பு முழுக்க அசையாதவர்கள்கூட அங்கே கணினி வழியாகக் கதவையும் விளக்கையும் தாங்களே இயக்குகிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது: சரிவான மனையில் இதை எப்படிக் கட்டுவது? இரவில் யார் இருப்பார்கள்? பணம் எங்கிருந்து வரும்? தெரிந்தவர்கள் மனம்விட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள்.

தூண் எழுதியது:

அக்கா, நானும் ஒரு கமிட்டியில் இருப்பவன் என்பதால் எதிர்க்கட்சியாகவே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இடம் கேட்டு வரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் அழுகிறார்கள். பத்துப் பேரை ராஜ வாழ்க்கை வாழவைத்துவிட்டு ஐம்பது பேரைத் திருப்பி அனுப்புவதா? ஆரியன் பெனவலன்ட் ஹோம் 1921இலிருந்து நம் ஜனங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால், பெரிதாக இருந்ததால்தானே முடிந்தது?

இன்னொன்று. ஒரு ரிஜிஸ்டர்டு நர்ஸின் சம்பளத்தை அறுபது பேர் பகிர்ந்தால் தாங்கும். பத்துப் பேர் பகிர்ந்தால் தாங்காது. ஒரே ஜெனரேட்டர், ஒரே லாண்டரி, ஒரே கேட். சிறியது அழகாக இருக்கும், ஆனால் மூன்றாம் வருஷம் மூடிவிடுவீர்கள். மூடினால் அந்தப் பத்துப் பேரும் எங்கே போவார்கள்?

இரவு நர்ஸ் எழுதியது:

தூண் அண்ணா கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு வருமுன் பெரிய இல்லத்தில் ஓர் இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம்.

ஒரு மாடிக்கு இரண்டு பேர் இரவு ஷிஃப்டில் இருப்போம். காலை ஷிஃப்ட் வருவதற்குள் எல்லாரும் குளித்து, உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அத்தனை பேரை முடிக்க வேண்டுமென்றால் விடியற்காலை 4 மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். ஜூலை மாதக் குளிரில், நல்ல தூக்கத்தில் இருக்கிற எண்பத்தெட்டு வயது மனுஷியை எழுப்பித் தண்ணீர் ஊற்றினால் அவர் கத்தத்தான் செய்வார். அவர் "முரண்டு பிடிப்பவர்" என்று ஃபைலில் ஏறும். அப்புறம் தூக்க மாத்திரை எழுதுவார்கள். மாத்திரையால் பகலில் தள்ளாடி விழுவார், இடுப்பெலும்பு முறியும். வியாதியால் வந்த கேடு இல்லை இது. ஷிஃப்ட் நேரத்தால் வந்தது.

பத்துப் பேர் வீட்டில் இரவில் இருவர் இருந்தால் யாரையும் எழுப்ப வேண்டாம். எழுந்தவர்க்கு எழுந்த நேரத்தில் காபி. குளியல் காலையிலோ, மாலையிலோ, அவர் வாழ்நாள் பழக்கம் எதுவோ அப்போது. புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவும் நேரம் இருக்கும். படுக்கைப்புண் வராமல் இருக்க அதைவிட நல்ல மருந்து இல்லை.

ரிஜிஸ்டர்டு நர்ஸ் விஷயத்தில் தூண் அண்ணா சொல்வது சரி. பத்துப் பேருக்கு 24 மணி நேரமும் ஒரு சிஸ்டரை வைக்க முடியாது. கிரீன் ஹவுஸிலும் நர்ஸ்கள் ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதில்லை, பல வீடுகளுக்குச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே ஒரு வீடு மட்டும் என்று திட்டமிடாதீர்கள். இரண்டு வீடு என்று திட்டமிட்டு ஒன்றை முதலில் கட்டுங்கள். பகலில் சிஸ்டர் இருக்கட்டும், இரவில் போன் அடித்தால் வரக்கூடிய தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். வீட்டில் எப்போதும் இருப்பவர்களில் ஒருவராவது நர்சிங் கவுன்சிலில் பதிவான ஆக்ஸிலரியாக, அதாவது நர்ஸ் உதவியாளராக இருக்க வேண்டும்.

வரைபலகை எழுதியது:

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். மனை சரிவு என்று நீங்கள் சொன்னதும், மேல் தெரு கீழ் தெரு இரண்டும் இருக்கிறது என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. சிஸ்டர் இரண்டு வீடு என்றதும் அது இன்னும் பொருந்துகிறது.

ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீடு. மேல் வீட்டுக்கு வாசல் மேல் தெருவிலிருந்து, கீழ் வீட்டுக்கு வாசல் கீழ் தெருவிலிருந்து. இரண்டு வாசலும் தரைமட்டம். லிஃப்ட் வேண்டாம், பெரிய சாய்தளம் வேண்டாம். கட்டட விதிப்படி சாய்தளத்தின் சரிவு அதிகபட்சம் 1:12. அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் இளைப்பாறத் தட்டையான இடமும் வேண்டும். சாட்ஸ்வொர்த் மனையில் இரண்டு மூன்று மீட்டர் ஏறுவதற்குச் சாய்தளம் போட்டால் தோட்டம் முழுவதும் அதிலேயே போய்விடும். தீப்பிடித்தாலும் இரண்டு வீட்டாரும் சக்கர நாற்காலியோடு, கட்டிலோடு நேரே தெருவுக்கு வந்துவிடலாம். மூன்று மாடி அறுபது படுக்கையில் அது நடக்காது. லிஃப்ட்டைத் தீயின்போது பயன்படுத்த முடியாது, மேல் மாடியில் இருப்பவரைப் படியில் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

உள்ளே சில அளவுகள். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் காலியாக இருக்க வேண்டும், குளியலறையிலும்கூட. அறைக் கதவைக் கட்டில் நுழைகிற அகலத்துக்கு வையுங்கள், 1.2 மீட்டர் வரை. இல்லாவிட்டால் உடம்பு முடியாதவரைக் கட்டிலோடு கூடத்துக்குத் தள்ளிவந்து எல்லாரோடும் வைத்திருக்க முடியாது. கழிப்பறைப் பீங்கான், கட்டிலில் படுத்தபடியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஞாபகம் குறைந்தவர்கள் தெரிந்தால் போவார்கள், கதவுக்குப் பின்னால் மறைந்திருந்தால் தேடமாட்டார்கள். கூரையில், ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கும் கருவிக்கான தண்டவாளம் மாட்டும் பலத்துக்கு உத்திரம் போட்டுவிடுங்கள், கருவியைப் பணம் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம். கேர்கிவரின் முதுகு தப்பும்.

நகராட்சியில் சாதாரண வீட்டு மனைக்கு இது தானாகக் கிடைக்காது. சிறப்பு ஒப்புதல் கேட்க வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு போகும், ஆட்சேபம் வரலாம். கட்டட வகைப்பாட்டில் ஈ4 என்று ஒன்று உண்டு. தனி மனையில் ஒரே அலகாக, உறவில்லாத பலர் பராமரிப்போடு வாழும் இடத்துக்கானது. இரண்டு வீடு ஒன்றின்மேல் ஒன்று என்றால் அதில் அடங்குமா, ஈ3க்குப் போகுமா என்பதைத் தீயணைப்புத் துறை அதிகாரியோடு உட்கார்ந்து முதலிலேயே பேசிவிடுங்கள். வரைபடம் முடிந்தபின் பேசினால் பணம் விரயம்.

மெரேபேங்க் ஆயா எழுதியது:

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். எனக்கு எழுபத்தொன்பது. நீங்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், அதனால் நானும் பேசுகிறேன்.

எனக்கு என் அறைக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் வேண்டும். வெளியிலிருந்து திறக்கிற மாதிரி ஒன்றை நர்ஸிடம் கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் கதவைத் தட்டிவிட்டு வரட்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும். புரட்டாசி முழுக்க நான் கவுச்சி தொடமாட்டேன், காவடி விரதத்திலும் தொடமாட்டேன். ஆட்டுக்கறி வெந்த பாத்திரத்தில் என் பருப்பைச் சுடவைத்துத் தரக்கூடாது. மற்ற நாளில் எனக்குச் சுகர் பீன்ஸ் கறியும் ரொட்டியும் கொடுத்தால் நான் யாரையும் தொந்தரவு செய்யமாட்டேன். சாயங்காலம் லோட்டஸ் எஃப்.எம் கேட்பேன். சத்தமாகத்தான் கேட்பேன், காது அப்படி.

வெங்காயம் நறுக்க இன்னும் கை வரும். நறுக்கவிடுங்கள். என் சிநேகிதி இருக்கிற இடத்தில் சமையலறைப் பக்கமே விடுவதில்லையாம். நாள் முழுக்க டிவிக்கு எதிரே உட்காரவைத்தால் யாருக்கும் புத்தி மங்கும்.

இரவு நர்ஸ் எழுதியது:

ஆயா, விளக்கு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் திரியும் கற்பூரமும் கூடவே கூடாது. படுக்கை விரிப்பில் ஆக்சிஜன் ஊறியிருந்தால் ஒரு பொறி போதும். அதனால் சாமி விளக்கைக் கூடத்தில் வைக்கலாம். சுவரில் ஓடு பதித்த மாடம், மேலே புகை போக வழி, பக்கத்தில் திரைச்சீலை எதுவும் இல்லாமல். ஆக்சிஜன் கருவி அந்தப் பக்கம் வராத தூரம். ஏற்றுவது நீங்கள்தான், பக்கத்தில் கேர்கிவர் நிற்பார். அறைக்குள் மின்விளக்கு. கட்டட வரைபடத்திலேயே மாடத்துக்கு இடம் விடுங்கள் என்று வரைபலகை தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் யோசித்தால் டிவி ஸ்டாண்டு மேல்தான் சாமி உட்காருவார்.

பேரேடு எழுதியது:

கணக்கு எழுதுகிறவன். உணர்ச்சி எல்லாம் சரி, ஆனால் இந்த வீடு நிற்பதும் விழுவதும் சம்பளத்தில்தான். கட்டடம் ஒருமுறைச் செலவு, அதற்கு நன்கொடை கிடைக்கும். மாடத்தில் பெயர் பொறிக்கப் பணம் தருகிறவர்கள் நம்மில் நிறைய. பதினெட்டாம் மாதத்து இரவு ஷிஃப்டுக்குப் பணம் தருகிறவர்கள் குறைவு.

வாரத்தில் 168 மணி நேரம். எப்போதும் இரண்டு பேர் வேண்டுமென்றால் 336 மணி நேரம். சட்டப்படி ஒருவருக்குச் சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணி. வகுத்தால் ஏழரை ஆள். விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி எல்லாம் சேர்த்து ஒன்பது ஆள் வேண்டும். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. அதன்படி ஓர் ஆளுக்கு மாதம் ஏறத்தாழ 5,600. ஒன்பது பேருக்கு 50,000க்கு மேல். பத்துப் பேரால் வகுத்தால் தலைக்கு 5,000. சாப்பாடு, மின்சாரம், நாப்பி, சிஸ்டர் சம்பளம், காப்பீடு எதுவும் இதில் இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கு நல்ல கேர்கிவர் நிலைக்கவும் மாட்டார். அதற்கு மேல் கொடுக்கத்தான் வேண்டும்.

2025இல் முதியோர் பென்ஷன் 2,300 ரேண்டுக்குச் சற்று மேல் இருந்தது. எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இன்னும் இருபது ரேண்ட். இடைவெளி எவ்வளவு என்பதை நீங்களே பாருங்கள்.

இரவு வேலைக்குச் சட்டத்தில் தனி விதி உண்டு. மாலை 6 முதல் காலை 6 வரை வேலை என்றால் அலவன்ஸ் அல்லது குறைந்த நேரம் தர வேண்டும், வந்துபோக வண்டி வசதியும் இருக்க வேண்டும். உம்லாசியிலிருந்து மினிபஸ் டாக்ஸி பிடித்து வருகிறவர்களை இருட்டில் தெருவில் இறக்கிவிட முடியாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தை டாக்ஸி ஓடும் நேரத்தோடு பொருத்துங்கள்.

பதிவு பற்றி: முதியோர் சட்டம், 2006ஆம் ஆண்டு 13ஆம் எண், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ்ச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்யாமல் ஒருவரைக்கூட உள்ளே சேர்க்கக்கூடாது. நிறுவனத்தை என்.பி.ஓ.வாக, அதாவது லாபநோக்கமற்ற அமைப்பாகப் பதிந்து, வரித்துறையிடம் 18ஏ அனுமதியும் வாங்கினால் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கும். மானியமும் கேட்கலாம், டிக்யூ 98 படிவத்தில் ஃப்ரெயில் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு. ஆனால் மானியம் வரும் நாளை நம்பிச் சம்பள நாளை வைக்காதீர்கள். ஆறு மாதச் சம்பளம் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். அது சேராமல் கடைக்கால் தோண்டாதீர்கள்.

தூண் எழுதியது:

பேரேடு தம்பி நான் சொன்னதைத்தானே எண்ணில் சொல்லியிருக்கிறார்? தலைக்கு 5,000 என்றால் ஏழைகள் எப்படி வருவார்கள்? கடைசியில் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கான வீடாக ஆகிவிடும்.

பேரேடு எழுதியது:

அண்ணா, அறுபது படுக்கையிலும் இந்தக் கணக்கு மாறாது, ஐந்து பேருக்கு ஓர் ஆள் என்று உண்மையாகவே வைத்தால். அங்கே மலிவாகத் தெரிவது இரவில் முப்பது பேருக்கு இருவர் என்று குறைப்பதால்தான். சிஸ்டர் சொன்ன 4 மணிக் குளியல் அங்கிருந்துதான் வருகிறது. பெரிய கட்டடத்தில் நிஜமாகவே மிச்சமாவது சிஸ்டர் சம்பளம், மேலாளர் சம்பளம், லாண்டரி. அந்த மூன்றையும் இரண்டு வீடு பகிர்ந்தால் பாதிக்குப் பாதி மீட்டுவிடலாம்.

ஏழைகள் பற்றி நீங்கள் சொல்வதை நான் தள்ளவில்லை. விதியாகவே எழுதிவைக்க வேண்டும்: பத்தில் நான்கு இடம் பென்ஷன் மட்டும் உள்ளவர்களுக்கு. பென்ஷனில் ஒரு பங்கைக் கைச்செலவுக்கு அவர்களிடமே விட்டுவிட வேண்டும். மீதி ஆறு பேர் முழுச் செலவுக்கு மேல் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள், கோயில் உண்டியலிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை. யார் பென்ஷன்காரர், யார் பணக்காரர் என்று கேர்கிவருக்குத் தெரியவே கூடாது. அறையும் ஒன்று, தட்டும் ஒன்று.

கிழக்குச் சன்னல் எழுதியது:

வேறு ஒரு கோணம். என் மாமியாரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறேன். இல்லம் என்ற பேச்சையே எங்கள் குடும்பத்தில் எடுக்க முடியாது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் நான் களைத்துப்போயிருக்கிறேன். ஒரு வாரம் யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது இடமுண்டா? அந்தச் சட்டமே முதியோரை முடிந்தவரை வீட்டிலும் சமூகத்திலும் வைத்துப் பார்க்கத்தான் சொல்கிறது என்று கேள்விப்பட்டேன்.

வேப்பமரம் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஆமாம், சட்டத்தில் சமூகத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. பத்து அறையில் ஓர் அறையைக் குறுகிய காலத் தங்கலுக்கு விட வேண்டும் என்று நான் கூட்டத்தில் சொல்வேன். ஒரு வாரம், இரண்டு வாரம். மாமியாருக்கும் அந்த வீட்டு மனிதர்கள் பழக்கமாவார்கள். நாளைக்கு நிலைமை மாறினால் அந்நியர் வீட்டுக்குப் போவதுபோல இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குத் தெருவில் உள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்காரவும் அந்த மேசையில் இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உங்களுக்காக. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவரை இல்லத்தில் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். சம்மதம் தெரிவிக்கும் நிலையில் மனம் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் வேறு வழி. அதனால் முதல் பேச்சு மகனோடு இல்லை, அந்த அம்மாவோடுதான். வீட்டைக் காட்டி, மதியம் சாப்பிடவைத்து, அவரையே கேட்க வேண்டும்.

தூண் அண்ணா, நான்கு இடம் என்ற விதியை உங்கள் வாயாலேயே கமிட்டியில் சொல்லவைக்க ஆசைப்படுகிறேன். நீங்கள் சொன்னால் அங்கே எடுபடும்.

தொங்காட் மழை எழுதியது:

யாரும் தண்ணீர் பற்றிப் பேசவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் நிலையம் அடித்துப்போய், மாதக்கணக்கில் டாங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றோம். படுக்கையில் பத்துப் பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாள்கூடத் தண்ணீர் இல்லாமல் முடியாது. ஐயாயிரம் லிட்டர் ஜோஜோ தண்ணீர் டேங்க் குறைந்தது இரண்டு வையுங்கள், கூரை மழைநீருக்குத் தனியாக ஒன்று. அது துவைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும்.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். லோட்ஷெடிங் குறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கேபிள் திருட்டிலும் புயலிலும் போகிற மின்சாரத்துக்கு அட்டவணை கிடையாது. ஓர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். இரண்டு ஓடினால் 700. 5 கிலோவாட்-மணி பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும், அதுவும் வேறெதுவும் ஓடாமல் இருந்தால். இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜும் அதே சுற்றில் இருக்க வேண்டும். சோலார் போட்டால் பகலில் கவலையில்லை. அதற்கு மேல் நீளும் இரவுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் நிறைத்து வையுங்கள்.

சரிவான மனை என்பதால் ஒன்று. அந்த வெள்ளத்தில் சரிந்தவற்றில் மண்ணை வெட்டி நிரப்பிய சரிவுகளும் உண்டு. மேல் தெரு மழைநீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் தாங்குசுவர் கட்டாதீர்கள்.

வரைபலகை எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். மண் பரிசோதனை இல்லாமல் நான் ஒரு கோடுகூடப் போடமாட்டேன். கீழ் வீட்டின் பின்சுவர் மண்ணைத் தாங்கும் சுவராக வரும். அதன் பின்னால் வடிகால் கல்லும் குழாயும் சரியாக இல்லையென்றால் ஈரம் ஏறும், அந்தப் பக்கம் படுக்கையறை வைக்கக்கூடாது. ஆகவே கீழ் வீட்டில் மண் பக்கம் லாண்டரி, ஸ்டோர், பணியாளர் அறை. படுக்கையறைகள் எல்லாம் பள்ளத்தாக்கு பார்த்து, வடக்கு வெயில் விழும்படி. குளிர்காலத்தில் அந்த வெயில் ஹீட்டர் செலவைக் குறைக்கும்.

சமையலறை பற்றியும் இரண்டு வரி. திறந்த சமையலறை என்றாலும் உணவுக்கூடம்தான். 2018ஆம் ஆண்டின் ஆர்638 விதியின்படி நகராட்சியிடம் ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கை கழுவத் தனி பேசின், பாத்திரத்துக்குத் தனி. ஆயா கேட்ட சைவப் பாத்திரங்களுக்குத் தனி அலமாரியும் தனி அடுப்பு முனையும் போடுகிறேன். வெங்காயம் நறுக்க, உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் ஒரு மேடை.

இரவு நர்ஸ் எழுதியது:

ஆட்களைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. நம் ஊரில் கேர்கிவர்கள் பெரும்பாலும் ஜூலு பேசுகிற பெண்கள். மிகப் பொறுமைசாலிகள், மரியாதை தெரிந்தவர்கள். வயதானவர்களை "கோகோ", அதாவது பாட்டி என்று கூப்பிட்டே வளர்ந்தவர்கள். ஞாபகம் மங்கும்போது சில ஆயாக்கள் ஆங்கிலத்தை விட்டுச் சின்ன வயதில் கேட்ட தமிழுக்குப் போய்விடுகிறார்கள். வலி, தண்ணீர், பயம், குளிர், போதும். இந்த ஐந்தாறு சொல் கேர்கிவருக்குத் தெரிந்தால் பாதிக் கலவரம் அடங்கும். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுக்கலாம், அவர்களும் நாலு ஜூலு வார்த்தை கற்றுக்கொள்ளட்டும்.

வேலைக்கு எடுக்குமுன் முதியோர் வன்கொடுமைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று சரிபாருங்கள். எடுத்த பிறகு அவர்களை நம்புங்கள். இன்று என்ன சமைப்பது, யார் எப்போது குளிப்பது என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களும் கேர்கிவர்களுமே முடிவு செய்ய வேண்டும். தினமும் கமிட்டிக்காரர்கள் வந்து அலமாரியைத் திறந்து பார்த்தால் இந்த வீடு ஆறு மாதத்தில் பழைய இல்லமாகிவிடும். கட்டடம் சிறியது என்பதால் மட்டும் எதுவும் மாறாது.

தூண் எழுதியது:

சிஸ்டர் கமிட்டிக்காரர்களைப் பிடித்துவிட்டார். சரி, என் நிலையைச் சொல்கிறேன். அறுபதுதான் சரி என்று இனிப் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். தீ பற்றி வரைபலகை எழுதியது என்னை யோசிக்கவைத்துவிட்டது. ஆனால் என் ஐம்பது பேர் கேள்வி அப்படியே நிற்கிறது. முதல் இரண்டு வீடும் ஓடத் தொடங்கியதும் மூன்றாவது எங்கே என்று கமிட்டி முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். பீனிக்ஸில் ஒன்று, மெரேபேங்கில் ஒன்று என்று. அப்படியென்றால் என் கைக்காசும் உண்டு. நான்கு இடம் விதியை நானே சொல்கிறேன்.

மெரேபேங்க் ஆயா எழுதியது:

மெரேபேங்கில் கட்டினால் எனக்குச் சொல்லுங்கள். என் சிநேகிதிகள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். சாட்ஸ்வொர்த்துக்கு வந்தால் யார் என்னைப் பார்க்க வருவார்கள்? இரண்டு டாக்ஸி மாற வேண்டும்.

வேப்பமரம் எழுதியது:

ஆயா, அதையும் கூட்டத்தில் சொல்வேன்.

எல்லாருக்கும் நன்றி. கமிட்டிக்கு நான் கொண்டுபோகப் போவது: கட்டடப் படத்தைக் காட்டுமுன் பேரேடு தம்பியின் சம்பளக் கணக்கு. ஆறு மாதச் சம்பளம் தனிக்கணக்கில் சேரும்வரை கடைக்கால் இல்லை. இரண்டு வீட்டுத் திட்டம், முதலில் மேல் வீடு... இல்லை, வரைபலகை தம்பி, கீழ் வீடுதானே முதலில் வர வேண்டும்? அப்படியென்றால் முதல் கட்டச் செலவு கூடுமே. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வரைபலகை எழுதியது:

கீழ் வீடுதான் முதலில், அக்கா. அதன் கூரைத் தளமே மேல் வீட்டுக்குத் தரை. தாங்குசுவர், தளம், உத்திரம் எல்லாம் முதல் கட்டத்திலேயே வந்துவிடும். ஆகவே முதல் கட்டம் கனமாக இருக்கும், இரண்டாவது லேசாக இருக்கும். மேல் வீடு வரும்வரை அந்தத் தளத்தை மேல் தெருவிலிருந்து தரைமட்டத்தில் நுழையும் திறந்த முற்றமாகப் பயன்படுத்தலாம். சனிக்கிழமை காலை மட்டம் பார்க்கும் கருவியோடு மனைக்கு வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பழைய வீட்டு வரைபடம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், நகராட்சிச் சாக்கடைக் குழாய் மனையின் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும்.